தண்ணீர் கேட்காத செடிகள்

அப்பாவுக்கு முதுகு வலி. எனக்கு வெளியூரில் வேலை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, அவருடைய ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காற்று வாங்க மரப்பலகையில் ஒரு மேடை, 'டெக்', போட்டுக் கொடுத்தேன். சுற்றிலும் கூழாங்கல், கற்றாழை, கள்ளி. எப்போதாவது ஒரு குவளை தண்ணீர் காட்டினால் போதும், தானாக வளரும்.

"இனிமே நீங்க குனியவே வேண்டாம்ப்பா. காலை நீட்டி உக்காந்து பேப்பர் படிங்க" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். ஆபீசில் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

கோடை விடுமுறைக்கு வந்து பார்த்தால் கற்றாழை எல்லாம் அடி அழுகி, கொழகொழவென்று சாய்ந்து கிடக்கிறது. ஓரத்துப் பலகைகள் ஊறி உப்பியிருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். செடி வைத்த தோட்டக்காரரைப் போன் போட்டு வரவழைத்தேன்.

"அழுகின செடியை எங்க தலைல கட்டிட்டீங்களே. வயசானவர் தனியா இருக்கார்னா எதை வேணா வைக்கலாமா?"

அவர் கூழாங்கல்லை ஒதுக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "சேறா இருக்கும்மா. யாரோ தினமும் தண்ணி ஊத்துறாங்க."

"யாரு ஊத்துவா? செஞ்ச தப்ப மூடி மறைக்காதீங்க." என் குரல் பக்கத்து வீடுவரை போயிருக்கும்.

"அவரைத் திட்டாதம்மா."

அப்பா கதவோரம் நின்றிருந்தார். கையில் அவருடைய பழைய பூவாளி.

"நான்தான் ஊத்தினேன். காலைல எந்திரிச்சா கை சும்மா இருக்க மாட்டேங்குது. கொஞ்சமாத்தான் ஊத்துவேன். மிச்சத்துல பலகையைக் கழுவி விடுவேன். தப்புதான்."

கண்ணாடியை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். என் முன்னால், என் அப்பா.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. தோட்டக்காரரிடம் "மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்தேன். அவர் "பரவாயில்லம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்பாவிடம் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"ரோஜாவையே திரும்ப வெச்சிடலாம்ப்பா."

"வேண்டாம்மா. அதைத் தினமும் பாத்துக்கணும். உனக்குக் கவலை." பூவாளியை என் கையில் கொடுத்தார். "இத எங்கயாவது எடுத்து வெச்சிடு. இனிமே ஊத்த மாட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். பூவாளி நிறையத் தண்ணீர் இருந்தது. எங்கே ஊற்றுவதென்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் தண்ணீர் கேட்கிற செடி ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.