பழைய லென்ஸில் விழுந்த முகம்

ரகுநாத் கொடுத்த பெட்டியில் ஒரு பெரிய ஃபிலிம் காமிராவும் இரண்டு லென்ஸும் இருந்தன. அரிமளத்துப் பழைய வீடொன்றில் அவர் நடத்தப்போகும் கண்காட்சிக்கு, உழைக்கிற பெண்களைப் படமெடுத்துத் தர வேண்டும்.

"புது லென்ஸையே போடுங்க தேவிப்ரியா. கறுப்பு வேற வெள்ளை வேறன்னு கான்ட்ராஸ்ட் சும்மா வெட்டும்."

வெட்டத்தான் செய்தது. ஆலங்குடிப் பக்கம் முந்திரி வறுக்கும் கொட்டகையில் தன் அம்மா பிரகதாம்பாளை உட்காரவைத்து அவள் எடுத்த முதல் ரோலில், வெளியே வெயில் விழுந்த சுவர் பளிச்சென்று வந்திருந்தது. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் கரி.

எரிச்சலோடு, பெட்டி மூலையில் கிடந்த கண்ணாடியில் கூசலைத் தடுக்கும் பூச்சில்லாத பழைய லென்ஸை மாட்டினாள் தேவிப்ரியா. அதற்குள் வெயில் லேசாகச் சிதறி நிழல்வரைக்கும் கசிந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இருந்தாள். கன்னத்து எலும்பு, முந்திரிக்கொட்டைப்பால் தெறித்துச் சுட்ட தழும்பு, புகைக்குச் சுருக்கிய கண்.

"சப்புன்னு இருக்கே?" என்றார் ரகுநாத்.

"அப்படித்தான் சார் இருக்கணும். கான்ட்ராஸ்ட்ட ஏத்துனீங்கன்னா மூஞ்சி போயிரும்."

"சரி, சரி."

அந்தச் 'சரி'யை நம்பித்தான் திறப்பு நாளன்று அம்மாவையும் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தாள். கூடத்தில் ஆளுயரத்துக்குப் படம் மாட்டியிருந்தது. சுவர் பளபளத்தது. முகம் வெள்ளைவெளேர். கான்ட்ராஸ்ட்டை ஏற்றியிருக்கிறார்கள், முகம் இருண்டிருக்கிறது, உடனே பூப்புச் சடங்கு பேனரில் பெண்ணை வெளுப்பதுபோல வெளுத்துவிட்டார்கள். தழும்பைக் காணோம்.

"யாரு புள்ள இது, செவப்பா?"

"நீதாம்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒங்கப்பன் பாத்தா மறுபடி பொண்ணு கேட்டு வருவாரு."

"சிரிக்காதம்மா. எனக்கு வயிறு எரியுது."

பட்டுச்சேலைக்காரி ஒருத்தி செல்போனோடு வந்தாள். "சூப்பர் போர்ட்ரெய்ட்! அம்மா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க, மறைக்குது."

அம்மா தள்ளிக்கொண்டாள். தன் படத்துக்குத் தானே மறைவாக நின்றது தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. முந்தானையை இழுத்துக் கன்னத்துத் தழும்பை மூடினாள். அதைத்தான் தேவிப்ரியாவால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று ரகுநாத்திடம் போனாள்.

"யாரக் கேட்டு வெளுத்தீங்க?"

"யாரும் வெளுக்கச் சொல்லலைங்க. லேப்ல வழக்கமாச் செய்யறதுதான். பார்க்க நல்லா..."

"யாரு பார்க்க? அங்க நிக்கிறவங்கதான் இந்தப் படத்துல இருக்கறவங்க. ஒங்க விருந்தாளிக்கு அடையாளம் தெரியல."

"மெதுவாப் பேசுங்க. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். படத்தைக் கழட்டுறேன்."

"காமிரா, லென்ஸு, பிரின்ட்டு எல்லாம் என்னோடது."

"மூஞ்சி எங்கம்மாவோடது."

நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். கொக்கியிலிருந்து விடுபட்டதும் சட்டம் கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தடுக்க வந்த ரகுநாத்தை அம்மா முழங்கையால் ஒதுக்கினாள். முந்தானையை விட்டுவிட்டு, அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

"மெள்ள எறக்குடி. கண்ணாடி. இந்தப் பொம்பள ஒரு நாளும் அடுப்பு முன்னால உக்காந்தவ இல்ல. இவளுக்கு இங்க என்ன வேலை?"