கடலில் விட்ட துடுப்புகள்

காற்று செத்துப்போனது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பிரபு ஒருவர் அவசர அவசரமாகக் கட்டி 'சிங்கக்குட்டி' என்று பெயர் வைத்த பத்துப் போர்க்கப்பல்களில் ஒன்று அதில் அசையாமல் நின்றது. காற்றில்லாதபோதும் துடுப்பு வலித்து நகரும் என்பதுதான் குட்டிகளின் பெருமை. வலிப்பவர்கள்தான் பீரங்கியும் சுட வேண்டும் என்பதைப் பெருமை பேசியவர்கள் யோசிக்கவில்லை. துடுப்பு வெளியே நீட்டியிருந்தால் பீரங்கி உள்ளேதான்.

துடுப்புக்காரர்களின் தலைவன் கில்பர்ட் பாஸ்க் துடுப்பை விட்டு எழுந்து நின்றான். எதிரே டன்கிர்க் துறைமுகத்துக் கொள்ளைக்கப்பல் ஒன்று, துடுப்பு வலித்தபடி, அவன் ஊரான ரையின் மீன்படகைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பழுப்புப் பாயை அவன் எங்கும் அடையாளம் காண்பான். படகு அவன் தம்பி லாம்பர்ட்டுடையது. பிடிபட்டவர்கள் ஊர் திரும்புவது அபூர்வம்.

கேப்டன் மார்வுட் விலகிப் போகச் சொன்னார். கில்பர்ட் நகரவில்லை.

"நம்ம துடுப்பைப் பாத்தா சுட மாட்டோம்னு தைரியமா கிட்ட வருவானுங்க, ஐயா. உள்ள இழுத்துக்கிட்டு இருந்தாத்தான் நேரமாகும். ஒரு பக்கத்த அப்படியே கடல்ல தள்ளிவிட்டா உடனே சுடலாம்."

"அப்புறம் தப்பிச்சுப் போறது எப்படி? ஒரு பக்கத் துடுப்பை வெச்சுக்கிட்டு வட்டம் சுத்தவா?"

"அது என் தம்பி படகு, ஐயா" என்றான் கில்பர்ட். கேப்டன் பழுப்புப் பாயைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே கப்பலைக் கொள்ளையர் பக்கம் திருப்பச் சொன்னார்.

கொள்ளையர்கள் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நினைத்தபடியே நெருங்கி வந்தார்கள். கைகொட்டிச் சிரித்தது வரைக்கும் கேட்டது. கில்பர்ட் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்துவிட்டுக் கையை அசைத்தான். இடப்பக்கத் துடுப்புகள் எல்லாம் சரசரவென்று கடலில் போய் விழுந்தன. பீரங்கிகள் முழங்கின.

புகை விலகியபோது கொள்ளைக்கப்பலின் பெரிய பாய்மரம் முறிந்து கிடந்தது. ஆனாலும் கப்பல் மூழ்கவில்லை. அங்கே ஆட்கள் பெரிய பீரங்கி ஒன்றை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அதைத் திருப்பி முடித்தால் சிங்கக்குட்டியின் கதை முடிந்தது.

விடுபட்ட மீன்படகு இந்நேரம் துடுப்பு போட்டுக் கரையைப் பார்த்து ஓடியிருக்க வேண்டும். ஓடிப்போடா என்று கில்பர்ட் மனதுக்குள் கதறினான். அந்த முட்டாள் படகோ இரண்டு கப்பல்களுக்கும் நடுவே வந்து, மிதந்த துடுப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. துப்பாக்கிக் குண்டுகள் சுற்றிலும் தண்ணீரைக் கிழித்தன. படகில் ஒருவன் சுருண்டு விழுந்தான். அது தம்பியா என்று கில்பர்ட்டுக்குத் தெரியவில்லை.

படகு சிங்கக்குட்டியை உரசி நின்றது. கீழிருந்து துடுப்புகள் வர வர மேலே வாங்கிப் பூட்டினார்கள். கடைசித் துடுப்போடு லாம்பர்ட்டே ஏறி வந்தான், தோளெல்லாம் ரத்தம். அது வேறொருவன் ரத்தம்.

கில்பர்ட்டுக்கு வெட்கமே இல்லாமல் அழுகை பொங்கியது. தம்பி அவனை இடித்துத் தள்ளிப் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தான்.

"படகுல சுருண்டு விழுந்தது ஜோசயா, அண்ணே. போயிட்டான். அவன் பொண்டாட்டிக்கு நீதான் வந்து சொல்லணும். இப்ப வலி."

இருவரும் வலித்தார்கள். பீரங்கி திரும்பி முடிவதற்குள் சிங்கக்குட்டி நகர்ந்தது.