பிரேக் இல்லாத வண்டி

மச்சான் வந்தது மீன் பார்க்க அல்ல, தன்னைப் பார்க்கத்தான் என்று தக்கைக்குத் தெரியும். தண்ணீரில் அலட்டிக்கொள்ளாமல் மிதப்பவன் என்று படகோட்டி வைத்த பெயர் அது. இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது. சண்டை எதுவும் இல்லை. சண்டையாவது போட்டிருந்தால் இருந்திருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போது அந்த அண்ணனைத்தான் அனுப்பியிருக்கிறாள், அந்த மனுஷனுக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி. இருக்கிறது என்றால் திரும்பி வருவாள். இல்லையென்றால், விட்டுப்போன துணிமணியை அள்ளிக்கொண்டு போக மச்சான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

தக்கையின் வேலை, சுற்றுலா வருகிறவர்களைக் கடல் ஸ்கூட்டரோடு பவளத்திட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது. போன வருஷம் அவன் குழுவில் ஒரு பல் டாக்டர் வந்தார். திட்டின் மேல் குப்புற மிதந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாக ரசிக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தக்கை ஓரமாகக் காத்திருந்தான். ரசிக்கிறவனும் செத்தவனும் தண்ணீரில் ஒரே மாதிரிதான் கிடப்பார்கள். மாரடைப்பு, யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் முடித்தார்கள். அவனும் வேலைக்குத் திரும்பினான். சாப்பிட்டான், தூங்கினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அழவில்லை, சிரிக்கவில்லை, எதற்கும் எரிந்துவிழவில்லை. வெளியாட்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வீட்டில் இருந்தவளுக்குத் தெரிந்தது.

மச்சான் பஸ் டிரைவர். பாதி வாழ்நாளை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். தக்கையோடு கடலில் இறங்கியே பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். கரையோரக் கொட்டகையில் மிதவைச் சட்டையின் கொக்கி அவர் தொப்பைக்கு மேல் மாட்ட மறுத்தது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் டீ குடித்தால் இப்படித்தான் என்று படகோட்டி சொல்லிவைத்தான். மச்சான் அதைக் காதில் வாங்காமல் ஸ்கூட்டரைத் தூக்கிப் பார்த்தார். முன்னால் விசிறி, இரண்டு பக்கமும் பிடி. பிடியை அழுத்தினால் இழுத்துக்கொண்டு போகும்.

"இதுல பிரேக் எங்க மாப்ளே?"

"பிரேக் இல்ல மச்சான். கைய விட்டா நின்னுடும்."

"கைய விட்டா வண்டி நிக்குமா? டிப்போல போய்ச் சொன்னா என்னத் துரத்தி அடிப்பானுங்க."

பயந்தால் கையை விடணும், அது ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது என்று தக்கை இன்னொரு தடவை சொன்னான். எல்லாரிடமும் சொல்வதைப் போலவே, அதே குரலில்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. கீழே மஞ்சளும் ஊதாவுமாகப் பவளம்; நடுநடுவே வெளுத்துப்போன திட்டுகள். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் கரகர சத்தம் காதில் கேட்டது. பல் டாக்டர் மிதந்த இடத்தின் மேலேயே இருவரும் போனார்கள். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

திட்டின் ஓரத்தில் ஓர் ஆமை மூச்செடுக்க மேலே வந்தது, மச்சானுக்கு ஒரு முழம் தள்ளி. மச்சான் அரண்டுபோனார். பஸ்ஸில் என்ன செய்வாரோ அதையே செய்தார். வலது காலை ஓங்கி மிதித்தார், கையால் பிடியை இறுக்கினார். காலுக்கடியில் தண்ணீர்தான் இருந்தது. கை இறுக இறுக ஸ்கூட்டர் பாய்ந்தது. எதிரே பவளம் சுவர் மாதிரி எழும்பி முழங்கால் ஆழத்துக்கு வந்திருந்தது. மச்சான் மறுபடி மறுபடி மிதித்தார்.

தக்கை தன் வண்டியை முடுக்கி முந்தினான். சுவருக்கும் மச்சானின் தலைக்கும் நடுவில் தன் முன்கையைக் கொடுத்தான். மற்றக் கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மோட்டார் நின்றது. மச்சான் வாயிலிருந்த மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு இருமினார்.

படகில் ஏறியதும் மச்சான் வலது காலைத் தடவிக்கொண்டார். "பிரேக்க மிதிச்சேன் மாப்ளே, புடிக்கவே இல்ல," என்று சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் ரத்தம் கண்ணில் பட்டது. தக்கையின் முன்கை முழுக்கத் தோல் உரிந்து, படகின் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தக்கை ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மச்சான் காட்டியதும் கையைப் பார்த்தான், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பையைப் பார்ப்பதுபோல.

"நான் அங்கேயே போய்ச் சேந்திருந்தா உனக்கு எப்படி இருந்திருக்கும்?" மச்சான் கேட்டார்.

எதைச் சொன்னால் அவள் வருவாள் என்று தக்கைக்குத் தெரியும். ஒரு பொய் போதும்.

"உங்க கைய எடுத்துவிடணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல மச்சான்."

கொட்டகையில் படகோட்டி காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டான். மச்சான் வாசலில் நின்று தங்கைக்குப் போன் பண்ணினார். நடந்ததையெல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்; தாழ்த்தியும் உள்ளே கேட்டது.

"பொய் சொல்ல மாட்டேன்மா. அதே ஆளுதான். என் புள்ளைய நம்பி அவன்கூடக் கடலுக்கு அனுப்புவேன். உன்ன அனுப்பலாமான்னுதான் தெரியல."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை நீட்டினார்.

"கை எப்படி இருக்கு?" அவள் கேட்டாள்.

"கிழிஞ்சிருக்கு."

"வலிக்குதா?"

மச்சான் எதிரே நின்று, ஆமான்னு சொல்லு என்று தலையைத் தலையை ஆட்டினார்.

"இன்னும் இல்ல," என்றான் தக்கை. "பவளம் கிழிச்சா உடனே தெரியாது. பொழுது சாஞ்சப்புறம்தான் எரியும்."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ மூடினார்கள்.

"எரிஞ்சா போன் பண்ணு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவன் ஸ்கூட்டர்களை நல்ல தண்ணீரில் அலசினான். பேட்டரி மூடியைத் திறந்து, ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தான். வேலை நேரத்தில் அலமாரியில் பூட்டிவைக்கும் போனை இன்று சார்ஜர் பக்கத்திலேயே வைத்தான். படகோட்டி, என்ன ஏதென்று தெரியாமல், மச்சான் மூலையில் சாத்திவைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்துத் தரையில் போட்டு, சொட்டும் ஸ்கூட்டர்களை அதன் மேல் வரிசையாக வைத்தான். மச்சான் அதைப் பார்த்தார். கடைசி ஸ்கூட்டரை அவரே தூக்கி அதன் மேல் வைத்தார்.