முதல் பூசைக்காரர்களின் மார்பு

தீ விபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு வந்திருந்தவர்கள் பாவ அறிக்கை சொல்லி மார்பில் தட்டிக்கொண்டபோது, ஏறக்குறைய அத்தனை பேர் மார்பிலிருந்தும் இரும்புக் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. வெளியே நின்று தட்டுகிற மரியாதையான தட்டல் இல்லை அது. உள்ளே மாட்டிக்கொண்டவர் இரண்டு கையாலும் அடிக்கிற அடி. பங்குச்சாமியார் ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று மைக்கை அணைத்தார். அணைத்த பிறகு சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்டது. பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தன. வாசகம் வாசித்தார்கள், பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் இருந்தது, காணிக்கைப் பை சுற்றி வந்தது. பூசை முடிவில் வந்த அறிவிப்புகளில் மறைக்கல்வி வகுப்பின் நேர மாற்றமும், யாரோ பெஞ்சில் விட்டுப்போன குடையும் இருந்தன. இரும்புச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோயிலின் பக்கச் சுவரை ஒட்டித்தான் பேக்கரி. அதன் முதலாளிதான் பங்குப் பேரவைத் தலைவர். பூசை முடிந்து பசியோடு வெளியே வருகிற கூட்டத்துக்குச் சூடாக பன் விற்பதில் அவருக்கு நல்ல வியாபாரம். அதனால் ஞாயிறு விடியலில் அடுப்படியில் ஆள் வேண்டும். ஆட்களோ, மணி அடித்ததும் பின்கதவு வழியாகப் பூசைக்கு நழுவிவிடுவார்கள், பன் கருகும். இதற்கு முதலாளி கண்டுபிடித்த வழி, இரும்புப் பின்கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பூட்டு. முன்கடையின் ஷட்டரை விற்பனை ஆள் பூசை முடிகிற நேரத்தில்தான் வந்து திறப்பார். பூசைக்கு வராதவர்களின் வீடு தேடிப்போய்ப் புத்தி சொல்கிற மனிதர், தன் ஆட்கள் பூசைக்குப் போய்விடக் கூடாது என்று பூட்டினார். அந்த ஞாயிறு அவர் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போகும்போது சாவி அவர் சட்டைப் பையிலேயே போனது. அடுப்பின் எரிவாயுக் குழாய் பிய்த்துக்கொண்டபோது உள்ளே இருந்தது இரண்டு பேர். மாவு பிசைகிறவர் ஒல்லி. புகைபோக்கியின் ஓட்டை வழியாகச் சந்துக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டு தப்பித்தார். பன்னுக்கு முட்டை தடவுகிற பெண்ணால் அந்த ஓட்டைக்குள் நுழைய முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட முதலாளியை நன்றியோடு பார்த்தபடி மாவு பிசைகிறவர் போலீசிடம் சொன்னது: "கதவு திறந்துதாங்க இருந்துச்சு. பயத்துல அந்தப் பொண்ணுக்கு வழி தெரியல."

இறந்த பெண்ணின் அக்காவுக்குப் பங்கில் எட்டுக்கட்டை என்று பெயர். பாடகர் குழுவில் மற்றவர்கள் மூச்சுத் திணறி இறங்கி வருகிற இடத்தில் அவள் படி ஏறுகிற மாதிரி சாதாரணமாக ஏறிப்போவாள். வாரநாட்களில் மருந்துக்கடையில் வேலை. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் ஒரே அறையில், ஒரு கட்டிலும் ஒரு பாயுமாக இருந்தார்கள். கட்டில் யாருக்கு என்று தினமும் சண்டை போட்டார்கள். அடக்கத்துக்குப் பிறகு எட்டுக்கட்டை பாடவில்லை, சிலுவை போடவும் இல்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பாவ அறிக்கையில் எல்லோரும் மார்பில் தட்டியபோது அவள் தட்டவில்லை. தட்டிக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது என்று கையைக் கட்டியிருந்தாள். சத்தம் எழுந்ததும் அவள் தலை நிமிர்ந்தாள். படபடவென்று ஆரம்பித்து, மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் இரண்டு மடங்கு ஆத்திரத்தோடு அடிக்கிற அந்தத் தட்டலை அவளுக்குத் தெரியும். குளியலறையில் அவள் நேரம் கடத்தும்போதெல்லாம் வெளியே நின்று தங்கை தட்டுகிற தட்டல் அது.

அடுத்தடுத்த வாரங்களில் பங்கு மக்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்கள். இரும்பு அதே சத்தத்தில்தான் அதிர்ந்தது. மருந்துக்கடைக்கு வந்து பஞ்சுச் சுருள் வாங்கிப்போய்ச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். எட்டுக்கட்டை யாரையும் எதுவும் கேட்காமல் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் பஞ்சே தீர்ந்துபோனது. சிலர் டாக்டரிடம் போனார்கள். அவர் குழாயை மார்பில் வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது என்று சொல்லி, சத்துமாத்திரை எழுதிக் கொடுத்தார். பங்குச்சாமியார் பாவ அறிக்கையையே விட்டுவிட்டுப் பூசையைத் தொடங்கிப் பார்த்தார். அன்று சிலுவை அடையாளம் போடும்போது கை மார்பைத் தொட்டதே, அதில் வந்துவிட்டது சத்தம். சிலுவை போடாமல் எந்தப் பூசையைத் தொடங்குவது?

எல்லோர் கண்ணிலும் படும்படி ஒருவர் மார்பு மட்டும் சும்மா இருந்தது. முன்வரிசையில் நின்று பேக்கரி முதலாளி ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். சட்டைத் துணியில் கை படுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. "பாத்தீங்களா, கடவுளுக்குத் தெரியும் யாரு மேல தப்புன்னு" என்று அவர் வாய்விட்டே சொன்னார். ஜனங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. சத்தம் வருகிற தங்கள் மார்பைவிடச் சத்தம் வராத அவர் மார்பை நம்பினார்கள். அவரைக் கண்டால் முன்பைவிட அதிகமாகக் கும்பிட்டார்கள். இதையெல்லாம் எட்டுக்கட்டை கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் பங்குச்சாமியாரே மருந்துக்கடைக்கு வந்தார். கூட்டம் இல்லாத நேரம். இருமல் மருந்து கேட்டார். இருமலுக்காக வரவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ மனசார மன்னிச்சுட்டா இது நின்னுடும்னு எல்லாரும் நினைக்கிறாங்கம்மா."

"யாரை மன்னிக்கணும் ஃபாதர்?"

"பொதுவாத்தான்."

"பொதுவா மன்னிக்க, பொதுவாவா செத்தா என் தங்கச்சி? பூட்டினது யாருன்னு ஒருத்தர் வாயத் திறந்து சொல்லட்டும். மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்."

அவர் மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டு, மிச்சச் சில்லறையை மறந்து வெளியேறினார். அவர் படியிறங்கும்போது பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். தெருவில் போன நாய் ஒன்று அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு ஒதுங்கியது. எட்டுக்கட்டை அப்போதுதான் யோசித்தாள். சாமியாருக்கும் பேக்கரிக்கும் என்ன சம்பந்தம்? அவர் எதற்கு ஒலிக்கிறார்? இரண்டாம் பூசைக்கு வருகிறவர்களிடம் சத்தமே இல்லையே. தீப்பிடித்த அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த, மணி அடிக்கிற கோயில்பிள்ளையின் மனைவிக்கும் இல்லை. ஆனால் அன்று பூசையில் அம்மா மடியில் தூங்கிய கைக்குழந்தைக்கு இருக்கிறது. ஏப்பம் வர அதன் அம்மா தோளில் போட்டுத் தட்டினால், சின்னதாக, தகரம்போல ஒலிக்கிறது. அன்று முதல் பூசையில் இருந்தவர்களுக்குத்தான் அது. தட்டியதைக் கேட்டவர்களுக்குத்தான். முதலாளி பக்கத்து ஊரில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கவே இல்லை. அதனால் அவருக்கு இல்லை. அதைப் போய் நிரபராதித்தனம் என்று கும்பிடுகிறார்கள்.

கடையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். இருவரும் சண்டை போட்ட கட்டிலில் உட்கார்ந்து, கையை விரித்து, தன் மார்பில் ஓங்கி அடித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பங்கில் யாரிடமிருந்தும் அவ்வளவு பெரிய சத்தம் வந்ததில்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறு வானவர் கீதம் பாடும்போது சுவர்ப்பக்கம் தடதடவென்று கேட்டது. தட்டுகளை எறிகிறார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். பாட்டு வாத்தியார் முகம் சுளித்து, கையை மேலே தூக்கி, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினார். யாரோ எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் தன் எட்டுக்கட்டைக்கு ஏறினாள். அன்றைக்கு அவள் பாடியதுபோல் என்றைக்கும் பாடியதில்லை என்று பூசைக்குப் பிறகு பாராட்டினார்கள். பாராட்டிக்கொண்டே வெளியே வந்தபோதுதான் புகையைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் தனக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டாள். அதனால் மற்றவர்கள் பங்கு ஒரு துளியும் குறையவில்லை.

ஞாயிறு வந்தது. அறிவிப்பு நேரத்தில் அவள் கடைசி பெஞ்சிலிருந்து நேரே நடந்து, கையில் அறிவிப்புத் தாளோடு நின்ற பேக்கரி முதலாளியைத் தாண்டி மைக்கின் முன்னால் நின்றாள். சாமியார் எழுந்தார், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"என் தங்கச்சி தட்டினது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "கேட்டும் பாடினேன். உங்களுக்கும் கேட்டுச்சு. பாட்டு வாத்தியாரே, உங்களுக்குக் கேட்டுச்சு, கையத் தூக்கினீங்க. ஜன்னலச் சாத்தினது யாரு?"

சிலர் பீடத்துச் சிலுவையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் கேக்குறது கடவுளைப் பத்தி இல்ல. ஜன்னலப் பத்தி. சாத்தினது யாரு?"

நடுவரிசையில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை எழுந்தார். "நான்தாம்மா. சத்தம் தொந்தரவா இருந்துச்சு." சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் பாட்டு வாத்தியார் எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக, கேட்டுச்சு, கேட்டுச்சு என்று, கூச்சத்தோடும் எரிச்சலோடும், சிலர் பக்கத்தில் இருப்பவர் இடித்ததால் மட்டுமே எழுந்தார்கள். பங்குச்சாமியார் கடைசியாக எழுந்து, திருப்பலி உடையோடேயே, "எனக்கும் கேட்டது" என்றார். அப்போது பக்கவாட்டிலிருந்து ஊன்றுகோல் தரையில் உரசுகிற சத்தம். மாவு பிசைகிறவர்.

"கதவு பூட்டித்தான் இருந்துச்சு. வெளிய பூட்டு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பூட்டுவாரு. நான் பொய் சொன்னேன்."

"டேய், உன் காலுக்குச் செலவு பண்ணினது யாருடா?" என்று முதலாளி கத்தினார். பூட்டை அவர் மறுக்கவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

பிறகு நடந்தவை எங்கும் நடப்பவைதான். போலீஸ் மறுபடி வந்தது. வழக்கு இழுத்தது. முதலாளி உள்ளே போனார். எட்டுக்கட்டைக்குப் போதும் என்று தோன்றுவதற்கு வெகு முன்னாலேயே வெளியே வந்தார். பேக்கரியை விற்றார். பேரவையில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து முன்வரிசையில் நின்று, மார்பு சிவக்க அடித்துக்கொண்டார். அந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒருநாள் மருந்துக்கடைப் படியேறி வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா ஒண்ணும் வரமாட்டேங்குது? நானும் தட்டுறேன், தட்டுறேன்..." என்று கேட்டார். கிழடு தட்டியிருந்தது அவருக்கு. எட்டுக்கட்டை அவர் கேட்ட வயிற்றுவலி மாத்திரையை உறையில் போட்டு, எப்போது சாப்பிட வேண்டும் என்று உறைமேல் எழுதி, அவர் முன்னால் வைத்தாள். "அடுத்து யாரு?" என்றாள். அவர் சாகும்வரை அவர் மார்பில் சத்தம் வரவில்லை. அவள் மன்னித்தாளா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்தப் பேச்சை எடுக்கிற தைரியம் பங்கில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது.

உண்மை வெளியே வந்ததும் சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அது நிற்கவில்லை. அவள் மறுபடி பாடகர் குழுவுக்கு வந்தாள். ஆனால் பாட்டின் நடுவே வெளியே எங்காவது ஏதாவது விழுந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு என்னவென்று போய்ப் பார்ப்பாள், மொத்தக் கோயிலும் காத்திருக்கும். பஞ்சு வைப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். அன்று பூசையில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போக, சத்தம் மெலிந்து தேய்ந்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. அதுவும் நடக்கவில்லை. தீக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு விவரம் தெரிகிற வயது வந்ததும், பெற்றவர்கள் உட்காரவைத்து நடந்ததைச் சொல்கிறார்கள், ஜன்னலைச் சாத்தியது உட்பட. சொன்ன அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையின் மார்பும் ஒலிக்கத் தொடங்குகிறது. மாற்றலாகி வருகிற சாமியார்களுக்கும் அப்படித்தான். புதிதாக வந்தவர் முதல் பூசையில் திகைத்து நிற்பார். யாராவது அறைக்குப் போய்ச் சொல்வார்கள். அடுத்த வாரம் அவரும் சேர்ந்துகொள்வார். பால்பல் விழுந்ததைச் சொல்வதுபோலப் பங்கில் இதைச் சொல்லிக்கொள்கிறார்கள்: எங்க வீட்டுச் சின்னவளுக்குப் போன வாரம் வந்துடுச்சு, உங்க பையனுக்கு?