செவ்வாய்க்கிழமை ரத்தம்

ஆறு பேரின் ரத்தத்திலும் மருந்து ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. அப்படி இருக்க வழியே இல்லை என்பது வித்யாவுக்குத் தெரியும்.

மண்ணூர்பேட்டையில் ஒரு பழைய கம்பெனிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இயங்கிய சிறிய ஆராய்ச்சி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. படித்தது பயன்பாட்டுக் கணிதம். விழுங்கிய மாத்திரை எத்தனை மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறும், எப்போது இறங்கும் என்று சமன்பாடு எழுதி, பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் எண்களோடு ஒத்துப்பார்ப்பாள். அந்த வருடம் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற நர்சுக்கும் தெரியாது, ஆய்வை நடத்திய டாக்டர் தினகரனுக்கும் தெரியாது. கணக்குப் போடுகிற வித்யாவுக்கு மட்டும் தெரியும்.

ஆவடியில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் வேப்பம்பட்டுக்காரர்கள் ஆறு பேர் ஒரே நாளில் ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து அந்த வாரத்து மாத்திரையை வாங்கிப் போவார்கள். மாதம் ஒருமுறை ரத்தம் கொடுப்பார்கள். மூன்று பேருக்கு மருந்து, மூன்று பேருக்கு மாவு. முதல் மாத ரத்தம் அதைத்தான் சொன்னது. மூவருக்கு அறுபதை ஒட்டி, மூவருக்குச் சுத்தமாகப் பூஜ்யம். இரண்டாவது மாதம் எல்லோருக்கும் முப்பதை ஒட்டி வந்திருந்தது. இருபத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது...

மாவு தின்றவர் ரத்தத்தில் மருந்து எப்படி வரும்?

போன வருடம் வேறொரு ஊரில், ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்துகொண்டே நூறு பேரின் ரத்த அழுத்தத்தை எழுதி அனுப்பியதை எண்களின் கடைசி இலக்கத்தை வைத்தே கண்டுபிடித்தவள் வித்யா. எல்லோரும் பாராட்டினார்கள். அதிலிருந்து, எண் சரியில்லை என்றால் ஆள் சரியில்லை என்று நினைக்கப் பழகியிருந்தாள்.

வியாழக்கிழமை ஆவடிக்குப் போனாள். அங்கே ஆய்வு வேலைகளைப் பார்த்துக்கொண்டது ரேணுகா என்ற நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம வந்துகீறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"சும்மாதான். ரத்தம் எடுத்த நோட்டைப் பார்க்கணும்."

நோட்டில் ஆறு பேரின் ரத்தமும் பதினெட்டு நிமிடத்தில் எடுத்து முடித்ததாக எழுதியிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வான கையெழுத்து. வித்யா அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்தாள். அதைப் பார்த்ததும் ரேணுகாவின் சிரிப்பு நின்றது.

"ஏதாவது தப்பா?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"படம் எடுக்கறீங்களே, அதான்."

அவள் பதறியது போல வித்யாவுக்குப் பட்டது. தப்பு செய்யாதவள் எதற்குப் பதற வேண்டும்? திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலமே தினகரனிடம் சொன்னாள்.

"ஒரே ஆள்கிட்ட ரத்தம் எடுத்து ஆறு டியூப்ல ஊத்தியிருக்காங்கன்னு நினைக்கிறேன் சார். மத்தவங்க வராத நாளா இருந்திருக்கும். வந்த மாதிரி எழுதிட்டாங்க."

தினகரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உறுதியா சொல்றியா?"

"வேற எப்படியும் இந்த எண் வராது சார்."

மறுநாள் காலை ரேணுகாவுக்கு போன் போனது. விசாரணை முடியும் வரை வர வேண்டாம்.

சனிக்கிழமை அவள் மண்ணூர்பேட்டைக்கே வந்துவிட்டாள். இரண்டு மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு வித்யாவின் மேசைக்கு எதிரில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் ஒரே ரத்தத்த ஆறா பிரிச்சேன்னு சொன்னீங்களாமே மேடம்."

வித்யா போனில் எடுத்த நோட்டுப் படத்தைத் திறந்து, பதினெட்டு நிமிடம் என்ற இடத்தைக் காட்டினாள்.

"பதினஞ்சு வருஷமா ஊசி புடிக்கிறேன். பதினெட்டு நிமிஷம் எனக்கு ஜாஸ்தி. சரி, அத வுடுங்க. ஒரே ஆள் ரத்தம்னா சக்கரையும் ஒண்ணாத்தானே இருக்கணும்? அத பாத்தீங்களா?"

வித்யா பார்க்கவில்லை. சர்க்கரை, உப்பு, ரத்த அணுக்கள் எல்லாம் வேறொரு கோப்பில் இருந்தன. அவளுடைய சமன்பாட்டுக்கு அவை தேவைப்படவில்லை. ரேணுகா நின்றுகொண்டிருக்கும்போதே அதைத் திறந்தாள். நூற்று நாற்பத்திரண்டு, இருநூற்று முப்பத்தொன்று, நூற்று எண்பத்தெட்டு. ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. ஆறு எண்கள், ஆறு வேறு வேறு மனிதர்கள்.

"பாத்துட்டீங்க இல்ல?" என்றாள் ரேணுகா. வேறு எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

தினகரனிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்ப தப்பு எங்கே? அது தெரியாம நான் அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட முடியாது" என்றார்.

மாத்திரை மாறிப்போனதா என்று வித்யா தேடினாள். பெட்டி எண்கள் சரியாக இருந்தன. பரிசோதனைக் கூடத்தில் மறுபடி அளக்கச் சொன்னாள். அதே முப்பது. மிச்சமிருந்தது அந்த ஆறு பேர்தான்.

செவ்வாய்க்கிழமை ஆவடி மருத்துவமனையின் வராந்தாவில், நோயாளியோடு வந்தவள் போல ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ஆறு பேரும் சேர்ந்தே வந்தார்கள். நாலு பெண்கள், இரண்டு ஆண்கள். மாத்திரை அட்டையை வாங்கிய ஒவ்வொருவரும் அதை, அவர்களிலேயே சட்டையை இன் பண்ணியிருந்த உயரமான மனிதரிடம் கொடுத்தார்கள். அவர் எண்ணிப் பார்த்து ஒரே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். விற்கிறார்களா? யாருக்கு?

அவர்கள் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு நடந்து, திருவள்ளூர் லோக்கலில் அதே பெட்டியில் ஏறி, இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து போனைப் பார்ப்பது போல் இருந்தாள். வேப்பம்பட்டில் இறங்கிப் பத்தடி நடந்திருப்பாள். அந்தக் கூட்டத்தில் வாட்டசாட்டமான ஓர் அம்மாள் சட்டென்று திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரிலேந்து எங்க பின்னாலயே வந்துகினு கீற? யார் நீ?"

வித்யாவுக்குப் பொய் வரவில்லை. "இந்த மாத்திரை ஆராய்ச்சியில கணக்குப் பார்க்கறவ நான். பேர் வித்யா."

"கணக்கு பாக்குறவளுக்கு ரயில்ல இன்னா வேலை? கம்பெனிகாரங்க வேவு பாக்க அனுப்பிகீறாங்களா?"

"அஞ்சலையம்மா, இருங்க" என்றார் மஞ்சள் பைக்காரர். அவர் பெயர் வீரராகவன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "ரோட்ல வேண்டாம். வாம்மா, உள்ள வந்து பேசு."

அஞ்சலையின் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருந்தது. முன்னறையில் ஒரு கல் உரல், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு, சதுரமாக வெட்டிய வெள்ளைக் காகிதங்கள். வீரராகவன் பையைப் பிரித்தார். ஒளிக்கவில்லை.

"கையெழுத்து வாங்கும்போதே சொன்னாங்க, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவுன்னு. ஒரு மாசம் போச்சு. எனக்கு எரிச்சல் நல்லாக் குறைஞ்சுது. அஞ்சலையம்மா மாதிரி சில பேரு பாதத்தை ஈரத் துணியில சுத்திக்கிட்டுத் தூங்காம கிடந்தாங்க. ஒரே ரயில்ல வர்றோம். எதிர்ல உக்காந்து எனக்கு நல்லாருக்குன்னு எப்படிம்மா சொல்றது?"

"அதனால..."

"எல்லா மாத்திரையையும் இடிச்சு, கலந்து, ஆறு பங்காப் போட்டுடறேன். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். மில்லிகிராம்ல நிறுக்கறேன், வித்தியாசம் வராது."

வராதுதான். முப்பது, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. தன் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான கலவையை எந்த ஆய்விலும் வித்யா பார்த்ததில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் எரிச்சல் திரும்பி வந்துருக்கு. பரவாயில்லை. தாங்கலாம்."

வித்யா மெதுவாக விளக்கினாள். இடித்த மாத்திரை வயிற்றில் வேறு விதமாகக் கரையும், அதனால் ஆபத்துகூட வரலாம். எல்லோருக்கும் பாதி பாதி என்றால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்றே கண்டுபிடிக்க முடியாது. இந்த ஆறு பேரின் கணக்கையும் இனி ஆய்விலிருந்து தனியாக ஒதுக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும். கடைசியில் ரேணுகாவைப் பற்றிச் சொன்னாள்.

அஞ்சலை கையிலிருந்த உலக்கையைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ண வேலய வுட்டுத் தூக்கிட்டீங்களா? அதுக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா. தெரிஞ்சா திட்டும்னு தானே சொல்லாம செஞ்சோம்."

பிறகு அஞ்சலை வித்யாவுக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"நீ கணக்கு பாக்குறவதானே. உனக்குத் தெரியும். எனக்கு மாவா, மருந்தா?"

வித்யாவுக்குத் தெரியும். மாவு. அஞ்சலையின் வரிசை எண் மனப்பாடமாகவே இருந்தது. "சொல்லக் கூடாதும்மா" என்றாள்.

அஞ்சலை அவள் கண்ணையே பார்த்தாள். வித்யா முகத்தை அசையாமல் வைத்திருக்கப் பாடுபட்டாள். அந்தப் பார்வையில் இருந்தது, இவள் ரேணுகாவைப் பார்த்தபோது இருந்த அதே சந்தேகம்தான்.

"வுடு, எனக்கே தெரியும்" என்று சொல்லி அஞ்சலை எழுந்து போனாள்.

அந்த வாரமே ஆறு பேரின் மாத்திரையையும் நிறுத்தினார்கள். சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, கெடுதல் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, வழக்கமான சிகிச்சைக்கு அனுப்பினார்கள். நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை போனது. அதில் தன் பங்கையும் வித்யா எழுதினாள்.

ரேணுகாவை தினகரனே போனில் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். தன்மேல் தப்பில்லை என்பது எழுத்தில் வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். வித்யா கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். ரேணுகா வாசலில் நின்றபடியே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"'தவறான புரிதல்'னு போட்டுகீறீங்க. யாரோட புரிதல்?"

வித்யா அங்கேயே, சுவரில் காகிதத்தை வைத்து, அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: நான் சரிபார்க்காமல் இவர்மீது குற்றம் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டாள்.

ரேணுகா அதை இரண்டு முறை படித்தாள். "திங்கக்கிழமை வரேன்" என்றாள். "ஆனா இனிமே நான் ரத்தம் எடுக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். நோட்டுல உங்க கையெழுத்தும் வேணும். உங்கள நான் எப்படி நம்புறது?"

வித்யா தலையசைத்தாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஆவடிக்குப் போய்விட்டாள். ரேணுகா ஏற்கெனவே வந்திருந்தாள். வணக்கம் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை ஊசி போடும் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்பது போல் கையைக் காட்டினாள்.