லிசியாதே எண்ணாமல் விட்ட பன்றிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் லிசியாதே முதலில் பேச்சை மாற்றப் பார்ப்பான். முடியாதபோது, நாட்டுக்குக் கணக்கு எழுதுகிறேன் என்பான். வங்கியா என்பார்கள். இல்லை, புகைக் கணக்கு என்பான். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

டோங்கா முழுவதும் ஒரு வருடத்தில் எவ்வளவு டீசல் எரிந்தது, எவ்வளவு குப்பை அழுகியது, எத்தனை மாடும் பன்றியும் சாணி போட்டன, இவற்றிலிருந்து வானத்தைச் சூடாக்கும் வாயுக்கள் எத்தனை டன் கிளம்பின என்று அட்டவணை போட்டு ஐக்கிய நாடுகளின் செயலகத்துக்கு அனுப்புவதுதான் அவன் வேலை. இதற்காக ஃபிஜியில் படித்து, நியூசிலாந்தில் மேலும் படித்து, ஜப்பானில் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தான். அவனுடைய அம்மா தேவாலய வாசலில் தன் மகன் ஐ.நா.வுக்கே பதில் எழுதுகிறான் என்று சொல்லிக்கொள்வாள். பெரியப்பா பிள்ளைகள் அவனைச் சாணி மந்திரி என்று கூப்பிட்டார்கள். லிசியாதேவுக்குக் கோபம் வராது. தன் உத்தியோகத்துக்கு மந்திரி என்ற சொல் கொஞ்சம் அதிகம் என்றுதான் அவனுக்கே தோன்றும்.

நாட்டின் புகையும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஒருமுறை அமைச்சரவைக்குக் காட்டுவதற்காக உலக நாடுகளின் புகையளவைக் காட்டும் வரைபடத்தில் டோங்காவைத் தேடினான். அடிக்கோட்டின் தடிமனுக்குள்ளேயே நாடு ஒளிந்துகொண்டிருந்தது. கடைசியில் டோங்காவுக்கு மட்டும் தனியாக ஒரு படம் போட்டுக்கொண்டான். அதில் நாடு கம்பீரமாகவே இருந்தது.

அந்தக் கம்பீரத்துக்குத்தான் ஒரு நாள் கேள்வி வந்தது. ஒரு நாட்டின் கணக்கை வேறு நாடுகளின் நிபுணர்கள் உட்கார்ந்து சரிபார்ப்பது வழக்கம். டோங்காவின் கால்நடைப் பகுதியைப் பார்த்தவள் உருகுவே நாட்டுக்காரி, பெயர் கிராசியேலா. பிறந்ததிலிருந்து மாடுகளுக்கு நடுவே வளர்ந்தவள் என்று கேள்வி. அவள் கேட்டது ஒரே வரிதான்: கடந்த கணக்கில் இருந்த பன்றிகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் காணவில்லை, அவை எங்கே போயின?

லிசியாதே திரும்பிப் பார்த்தபோதுதான் அவனுக்கே அது தெரிந்தது. அட்டவணை நிரப்பியவன் அவன்தான். கணக்கெடுப்பில் வந்த தலைகளை ஒரு தலைக்கு இவ்வளவு வாயு என்ற பொது எண்ணால் பெருக்கி, விடையை எழுதிவிட்டு, சாப்பிடப் போய்விட்டிருந்தான். எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்து நாட்டின் புகை குறைந்துவிட்டது என்று ஒரு வாக்கியமும் எழுதியிருந்தான், கொஞ்சம் பெருமையாகவே.

இனி என்ன செய்வது? எரிமலை கைகொடுத்தது. கடலடி எரிமலை வெடித்த பிறகு டோங்காவில் எது சரியில்லாவிட்டாலும் அதன் தலையில் போட்டுவிடலாம். இணையம் மெதுவாக இருந்தால் எரிமலை, கிழங்கு சிறுத்தால் எரிமலை. சாம்பல் விழுந்ததால் தீவனம் கெட்டது, பேரலையால் கொட்டில்கள் போயின, ஆகவே பன்றிகள் குறைந்தன என்று அடிக்குறிப்புகளோடு நாலு பத்தி எழுதினான். படித்துப் பார்த்தபோது அவனுக்கே அந்தப் பன்றிகள் பாவமாகப் பட்டன.

பதில்களை நேரில் விளக்க ஒரு காணொளிக் கூட்டம் வைத்தார்கள். செயலகம் இருக்கும் ஜெர்மனியின் பான் நகரில் சாயங்காலம், இங்கே மறுநாள் காலை. அலுவலக இணையத்தை நம்ப முடியாமல் லிசியாதே தன் வீட்டு வராந்தாவில் மேசையைப் போட்டான். திரையில் நெஞ்சுவரைதான் தெரியும் என்றாலும், நாட்டுக்காகப் பேசுகிறவன் அரைகுறையாக உட்காரக் கூடாது என்று கழுத்துப் பட்டியும் கட்டி, இடுப்பில் மரியாதைக்குக் கட்டும் தாழம்பாயையும் சுற்றிக்கொண்டான். அவனுடைய மேலதிகாரி கலோலைனே தன் வீட்டிலிருந்து சேர்ந்திருந்தாள்.

எரிமலைப் பத்திகளை அவன் நன்றாகவே வாசித்தான். கிராசியேலா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், கண்ணை இடுக்கித் திரைக்கு அருகே வந்தாள். அவன் தோளுக்குப் பின்னால் முற்றத்தில் ஒரு பெரிய கறுப்புப் பன்றியும் அதன் பின்னால் வரிசையாகக் குட்டிகளும் போய்க்கொண்டிருந்தன. குட்டிகள் முடிந்ததும் இன்னொரு பன்றி வந்தது. அதற்கும் குட்டிகள் இருந்தன.

பக்கத்து வீட்டுப் பன்றிகள் என்றான் லிசியாதே.

அப்போது சமையல் கொட்டகையிலிருந்து அவன் மனைவி செய்னியின் குரல் கேட்டது. "லிசியாதே! நம்ம பன்னிங்க கிழங்குக் கொல்லைல பூந்துடுச்சு. நீ அங்க உக்காந்து யார்கிட்ட இங்கிலீஷ்ல கதை விட்டுக்கிட்டிருக்க? எந்திரிச்சு வந்து துரத்து, லிசியாதே!"

டோங்கா மொழி தெரிந்த கலோலைனே இரும ஆரம்பித்தாள். கிராசியேலாவுக்கு மொழி தெரியாது. ஆனால் காது இருந்தது.

"உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் லிசியாதே என்றுதான் பெயரா?" என்று கேட்டாள்.

அதற்குள் பெரிய பன்றி வராந்தாப் பக்கம் திரும்பி, மேசைக்குக் கீழே கிடந்த பலாப்பழத் தோலை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. கணினிக் கம்பியில் அதன் கால் மாட்டியது. இடுப்பில் பாயோடு லிசியாதே முற்றத்தைச் சுற்றி ஓடியதை, சாய்ந்து விழுந்த கணினி மூன்று கண்டத்து நிபுணர்களுக்கும் கோணலாகக் காட்டிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து கணினியை நிமிர்த்தினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"எரிமலைக்குத் தப்பியவை நல்ல போஷாக்காகவே இருக்கின்றன" என்றாள் கிராசியேலா. பிறகு, திருத்தி அனுப்ப அவகாசம் உண்டு என்றும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் அவனுக்கு வெட்கம் முழுசாக வந்தது.

கூட்டம் முடிந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனான். கணக்கெடுக்க வந்தவளிடம் என்ன சொன்னாய் என்று மனைவியைக் கேட்டான்.

"பன்னி இருக்கான்னு கேட்டா. ஒண்ணுகூட இல்லேன்னேன்" என்றாள் செய்னி, தேங்காய் துருவிக்கொண்டே.

"ஏன்?"

"அந்த வாரந்தான் ரேடியோல சொன்னாங்க, தெருவுல திரியுற பன்னிக்கு அபராதம்னு. மறுநாளே அரசாங்கத்து ஆளு வாசல்ல வந்து நின்னு உங்க வீட்டுல எத்தனை பன்னின்னு கேட்டா, நீ என்ன சொல்லியிருப்ப?"

"உண்மையைச் சொல்லியிருப்பேன்."

செய்னி துருவுவதை நிறுத்தினாள். "இப்பச் சொன்னியே, பக்கத்து வீட்டுப் பன்னின்னு. அந்த உண்மையா?"

லிசியாதே பாயை அவிழ்த்து மடித்து வைத்தான்.

அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். தெரு அப்படியென்றால் ஊர் அப்படி, ஊர் அப்படியென்றால் தீவே அப்படி. பயந்த ஒரு வாரத்தில் நாட்டின் பாதிப் பன்றிகள் மறைந்துவிட்டன. அவனும் அந்தப் பயத்தை ஒரு பொது எண்ணால் பெருக்கி ஐ.நா.வுக்கு அனுப்பிவிட்டான்.

தானே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினான். முதல் வீடு ஹெபெடியுடையது. ஹெபெடி வாசலில் நின்றபடி, தன்னிடம் பன்றியே கிடையாது என்றான். அவன் கால்களுக்கு இடையே ஒரு குட்டி புகுந்து போனது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

படித்தவன் மூளை சும்மா இருக்குமா? லிசியாதே ஒரு யுக்தி செய்தான். எத்தனை பன்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காமல், கல்யாணம், சாவு, தேவாலய விருந்து என்று கடந்த வருடம் எத்தனை பன்றி கொடுத்தீர்கள் என்று கேட்டான். முகங்கள் மலர்ந்தன. ஹெபெடி மட்டுமே ஒரு பண்ணையளவு கொடுத்திருந்தான். அவன் தம்பி அதற்கு மேல் ஒன்று. மாலையில் கூட்டிப் பார்த்தபோது, அந்தத் தெரு ஒரு வருடத்தில் கொடுத்த பன்றிகளை நிற்க வைக்கவே தீவில் இடம் போதாது என்று தெரிந்தது. பயந்தால் ஒன்றுமில்லை, பெருமை என்றால் கணக்கில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக வகுக்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தான். அப்படி யோசித்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் செய்னி சொன்னதைத்தான் செய்தான். பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தேங்காயை உடைத்துப் போட்டுக் குரல் கொடுப்பார்கள். வற்றிய கடலில் சிப்பி தேடப் போன பன்றிகள்கூட அந்தந்தக் குரலுக்கு அந்தந்த வீட்டுக்கு ஓடிவரும். தெருமுனையில் போய் நில், கண்ணால் எண்ணு என்றாள்.

நின்றான். பத்து நிமிடத்தில் தெருவே அவனைச் சுற்றி நின்றது. ஹெபெடி கையில் கம்பு இருந்தது. அபராதம் இல்லை என்று பைபிள்மேல் சத்தியம் செய்த பிறகுதான் கம்பு கீழே இறங்கியது. பிறகு ஏன் எண்ணுகிறாய் என்று கேட்டார்கள். சாணத்திலிருந்து வாயு, வாயுவிலிருந்து சூடு, சூட்டிலிருந்து கடல்மட்டம் என்று விளக்கினான். சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஹெபெடி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேறு வழியில்லாமல் லிசியாதேவும் சிரித்தான்.

லூபே மட்டும் சிரிக்கவில்லை. கடலோரம் இருந்த அவள் வீடு பேரலையில் போய், உள்ளே தள்ளி இந்தத் தெருவில் அவளுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"பெரிய பெரிய நாடு இருக்கே, அவங்க புகையை யாரு எண்ணுறா?" என்று கேட்டாள்.

"அவங்களேதான் எண்ணிச் சொல்லணும். நம்மள மாதிரியேதான். அப்புறம் மத்தவங்க சரிபார்ப்பாங்க."

"அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு பார்ப்பாங்களா, நீ நிக்கிற மாதிரி?"

"இல்ல. எழுதிக் குடுத்ததைப் பார்ப்பாங்க."

"அப்ப அவங்களும் பயந்துக்கிட்டுப் பன்னி இல்லேன்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

லூபே தன் வீட்டுப் பக்கம் கைகாட்டி, எண்ணுவதென்றால் சரியாக எண்ணு, புளிய மரத்தடியில் கட்டியிருப்பதையும் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு யாரும் எதையும் மறைக்கவில்லை.

அதே முறையில் வேறு சில ஊர்களிலும் நின்று எண்ணினார்கள். திருத்திய அறிக்கையில் எரிமலைப் பத்திகள் நாலும் போயின. அந்த இடத்தில், அபராத அறிவிப்பு வந்த வாரத்தில் கேட்டதால் மக்கள் குறைத்துச் சொன்னார்கள் என்று எழுதினான். கலோலைனே படித்துவிட்டு, "கணக்கு எழுதினவன் வீட்டுலயும் இதே கதைதான்னு ஒரு வரி சேரு" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தான். இல்லை. சேர்த்தான்.

பன்றிகள் திரும்பி வந்ததும் நாட்டின் புகை ஏறியது. உள்ளூர்ப் பத்திரிகை அதைத் தலைப்பாகப் போட்டது. அமைச்சர் கூப்பிட்டனுப்பி, போன தடவை குறைந்ததை எப்படி இவன் ஏறவிட்டான் என்று கேட்டார். லிசியாதே நடந்ததைச் சொல்லத் தொடங்கி, பன்றி மேசைக்கடியில் வந்த இடத்தில் நாக்குழறி நின்றுவிட்டான். கலோலைனேதான் முடித்து வைத்தாள்.

"ஏறல சார். முன்னாடியே இருந்ததுதான். இப்பத்தான் நாம பார்த்தோம்."

அமைச்சர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த கணக்கெடுப்புக்கு முன்னால் வானொலியில் போய் மக்களின் பயத்தைப் போக்கிவிட்டு வா என்று அவனையே அனுப்பினார்.

அவன் போனான். பன்றி எண்ணுவது அபராதத்துக்கல்ல என்று தேவாலயத்தில் பேசுவது போல நிதானமாகச் சொன்னான். நேயர்கள் பேசலாம் என்று அறிவிப்பாளர் சொன்னதும் தொலைபேசி மணி அடித்தது. முதலில் பேசியவர் தன்னிடம் இருக்கும் பன்றிகளைப் பெருமையாகச் சொன்னார். அடுத்தவர் அவர் சொன்னது பொய், அதில் பாதி தன்னுடையவை என்றார். மூன்றாவது ஒரு பெண், சாணி மந்திரி எண்ணுவதானால் தன் மாமனார் வீட்டு மாடுகளையும் எண்ணட்டும், அந்த ஆளும் இதுவரை மறைத்துத்தான் வைத்திருக்கிறார் என்றாள்.

லிசியாதே மாடுகள் பகுதியை அதுவரை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. அறிவிப்பாளரிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டான்.