சத்தம் மட்டும் வந்த படம்

கல்யாணத்துக்கும் நான்தான், சாவு வீட்டுக்கும் நான்தான். கொட்டகலை பஜாரில் ஸ்பீக்கர், லைட், ஜெனரேட்டர், ப்ரொஜெக்டர் என்று எது வாடகைக்கு வேண்டுமானாலும் ‘ஜீவராஜ்கிட்ட போ’ என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம், பார்த்துப் பேசு என்றும் சொல்லி அனுப்புவார்கள். சொல்லட்டும்.

அந்த மண்சரிவு நாளிலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். விடாமல் பெய்த மழையில் மேற்கணக்குத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒரு பக்கம் மலையோடு சேர்ந்து இறங்கிவிட்டது. பகலே இருட்டிக் கிடந்தது. தோண்டுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு ஏறினோம். நான் போனபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. கூப்பிடுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. தோட்டத்துக் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் இக்னேசியஸ் மண்வெட்டியை எறிந்துவிட்டு வெறுங்கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார். “அவதான், மார்கிரட்தான்” என்றார். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் இரைச்சலில் கேட்கவில்லையோ என்று அதை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். மழைதான் கேட்டது.

அவர் மனைவி மார்கிரட்டின் உடம்பு கிடைக்கவேயில்லை. நாலு வயது மகள் டிலுக்ஷியைத் தூக்கிக்கொண்டு அன்று காலை கோயில் கூரையைப் பார்க்கப் போயிருந்ததால் அவர்கள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். கல்யாண ஆல்பம், போன், அடையாள அட்டை எல்லாம் அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவோடு போய்விட்டன. சொந்தக்காரர்களிடம் தேடி ஒரேயொரு போட்டோ கிடைத்தது. அதில் அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டக் குனிந்திருந்தாள். தலைமுடிதான் தெரிந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். இக்னேசியஸ் என் கடைக்கு வந்தார். மண்ணைப் பறித்ததில் பிய்ந்த விரல் நகங்கள் இன்னும் வளரவில்லை.

“தம்பி, பிள்ளைக்கு அம்மா முகம் மறக்குதுங்க. நேத்து டவுன்ல யாரோ ஒரு பொம்பளயப் பார்த்து, இதா அம்மான்னு கேக்குது. முப்பத்தோராம் நாள் அன்னைக்காச்சும் அவ முகத்தக் காட்டிப்புடணும்.”

“எங்கருந்து காட்டுவீங்க?”

“படத்துல.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சினிமாக் கம்பெனி அந்தத் தோட்டத்தில் படம் பிடித்தது. கொழுந்து பறிக்கிற பெண்களைக் கூட்டமாக நிறுத்திவிட்டு மார்கிரட்டை மட்டும் பேச வைத்தார்கள். நிரம்பிய கூடையைத் தூக்க முடியாமல் நின்று, “ஏங்க, யாராச்சும் ஒரு கை குடுங்களேன்!” என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். படம் வந்த பிறகு அவளால் மலையில் நிம்மதியாக நடமாட முடியவில்லை. கொழுந்து நிறுக்க மடுவத்துக்குப் போனால் கணக்கப்பிள்ளை முதல்கொண்டு எல்லாரும் “ஒரு கை குடுங்களேன்” என்று இழுத்து இழுத்துச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவளும் சளைக்காமல், “காசு குடுத்தாத்தான் திரும்பச் சொல்லுவேன்” என்பாள்.

“இதுக்கா இவ்வளவு யோசிச்சீங்க? பஜார்ல பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துருவான். நானே வாங்கிட்டு வாரேன்” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “களவுக் கொப்பியா? வேணாம் தம்பி. அவ உழைச்ச படம் அது. அவ புருஷனே அதக் களவெடுக்கிறதா? முறையா காசு கட்டித்தான் பார்க்கணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. மரியாதையும் வந்தது.

மார்கிரட்டின் தம்பி மிலான் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறவன். சிநேகிதன் ஒருவனின் லெப்டொப்பை இரவல் வாங்கி, இணையத்தில் படம் வாடகைக்குத் தருகிற ஒரு கம்பெனிக்கு முறையாகக் காசு கட்டி, படத்தை இறக்கிவிட்டான். அக்கா வருகிற இடம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை போட்டும் பார்த்துக்கொண்டான். அழுதுகொண்டே எனக்குப் போன் பண்ணினான். “இருக்காண்ணே. நல்லா முகம் தெரியுது.”

முப்பத்தோராம் நாள் ஜெபம் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. வீடிழந்த குடும்பங்களெல்லாம் இப்போது அங்கேதான் படுத்து எழும்பின. நிவாரணத்தில் வந்த வெள்ளை விரிப்பு ஒன்றைச் சுவரில் கட்டினேன். ரோட்டில் கல் விழுந்து பஸ் பிந்தியதால் மிலான் ஜெபம் முடிகிற நேரத்தில்தான் ஓடி வந்தான். ப்ரொஜெக்டரை மாட்டி ஒரு கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று விழுந்தது. ஸ்பீக்கரையும் திருப்தியாகக் கூட்டி வைத்தேன்.

டிலுக்ஷிக்குத் தலை சீவி ரிப்பன் கட்டி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். இக்னேசியஸ் அவள் காதில், “இப்ப அம்மா வரும். கண்ணச் சிமிட்டாமப் பாரு” என்றார். பிள்ளை அதை அப்படியே நம்பிக் கண்ணை விரித்துக்கொண்டு இருந்தது.

மிலான் அக்கா வருகிற இடத்திலிருந்து படத்தைத் தட்டிவிட்டான். விரிப்பில் இருட்டு.

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குருவிச் சத்தம் வந்தது, பெண்கள் பேசுகிற சத்தம் வந்தது. லெப்டொப்பும் இருட்டு, விரிப்பும் இருட்டு. வயர்தான் கோளாறு என்று நினைத்து நான் குனிந்து அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது என் பெரிய ஸ்பீக்கர் இரண்டிலும் மார்கிரட்டின் குரல் வந்தது.

“ஏங்க, யாராச்சும் ஒரு கை குடுங்களேன்!”

அந்த அறையில் பாதிப் பேர் அன்று என்னோடு மண்ணருகே நின்றவர்கள்.

மிலான் பதறிப்போனான். படம் இப்போது வந்துவிடும், அக்காவைத் தவறவிடக் கூடாது என்று திரும்பப் பின்னால் தள்ளினான். மறுபடியும் இருட்டுக்குள்ளிருந்து, “ஏங்க, யாராச்சும் ஒரு கை குடுங்களேன்!” அவள் சிரித்துக்கொண்டு சொன்ன வசனம்தான். முகம் இல்லாமல் கேட்டால் அது சிரிப்பாக இல்லை.

டிலுக்ஷி எழுந்து தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அம்மா கூப்புடுது. கை குடுங்க.”

இக்னேசியஸ் எழும்பினார். விரிப்பை நோக்கி நேராக நடந்து, அதைப் பிய்த்து இழுத்து, பின்னாலிருந்த சுவரை இரண்டு கையாலும் பறிக்கத் தொடங்கினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. நாலு ஆம்பிளைகள் பிடித்தும் அவரை அடக்க முடியவில்லை. நான் வயரைப் பிடுங்கினேன்.

பிறகு மிலானுக்குத் தெரிந்த ஒருவனிடம் கேட்டுத்தான் விஷயம் விளங்கியது. யாரும் கொப்பி எடுத்துவிடக் கூடாதென்று கம்பெனி படத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. என் பழைய ப்ரொஜெக்டர் அதற்குக் கள்ளனாகத் தெரிந்திருக்கிறது. கள்ளனைக் கண்டால் படத்தை மறைத்துக்கொள்ளுமாம், சத்தத்தை மட்டும் விட்டுவிடுமாம். அன்றைக்கே ப்ரொஜெக்டரைக் கழற்றிவிட்டு லெப்டொப்பிலேயே பார்க்கலாம் என்றால், இணையத்தில் தொடர்புகொண்டு உறுதிசெய் என்றது. மேற்கணக்கில் ஏது சிக்னல்? மறுநாள் மிலான் பஜாருக்குக் கொண்டுவந்து திறந்தான். பார்க்கத் தொடங்கி இரண்டு நாள் முடிந்துவிட்டதாம், திரும்பவும் காசு கட்டச் சொன்னது. கொழும்பில் அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டானே, அந்தக் கணக்கு. யாருடைய சொத்தை யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் இவர்கள்? முறையாகக் காசு கட்டியவனுக்கு இருட்டு. களவெடுத்தவன் வீட்டில் அவள் வெளிச்சமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. பஜாரில் அந்தக் களவுக் கொப்பியை வாங்கினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பூட்டுமில்லை, கேள்வியுமில்லை. மார்கிரட் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக அச்சுப் போட்டுச் சட்டம் அடித்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஏறினேன்.

இக்னேசியஸ் இரண்டு கையிலும் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். களவா, முறையா என்று இந்த முறை கேட்கவில்லை. படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

டிலுக்ஷி வந்து எட்டிப் பார்த்தாள். கூடையை விரலால் தொட்டாள்.

“யாருப்பா இந்த அக்கா?”

“அம்மாடி. உன் அம்மா.”

பிள்ளை சுவரைத் திரும்பிப் பார்த்தது. தகப்பன் பறித்த இடத்தில் இன்னும் சுண்ணாம்பு பூசவில்லை.

“இல்ல. அம்மா இருட்டுக்குள்ள இருக்கு. நீங்க இன்னும் கை குடுக்கல.”

இக்னேசியஸ் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.